செர்னில் கிரிட் வேலைக்கு வரும் தம்பிக்கு

"இயற்பியலும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. செர்னில் கிரிட் வேலையில் தாக்குப்பிடிக்க முடியுமா? வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், தம்பி. செர்ன் ஜெனீவா பக்கத்துத் துகள் இயற்பியல் ஆய்வகம் என்றாலும், உங்கள் வேலை கிரிட்டில்தான்: அதன் தரவைப் பல நாட்டுக் கணினி மையங்கள் பகிர்ந்து சேமித்து அலசும் வலையமைப்பு. ஹிக்ஸ் போசான் துகளைப் பற்றி உங்களுக்கு யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. ஆபீசில் ஆங்கிலம் போதும். பிரெஞ்சு, வீட்டுக்காரரிடம் பேசத்தான் வேண்டியிருக்கும்.

பழகிக்கொள்ள வேண்டியது வேறு. ஊரில் கம்பெனி சர்வர் மக்கர் செய்தால் நீங்களே உள்ளே புகுந்து சரிசெய்திருப்பீர்கள். இங்கே அந்தச் சாவி உங்களிடம் இருக்காது. எல்எச்சி என்ற துகள் மோதுவியின் மூலத் தரவு ஒரு பிரதி செர்னிலேயே டேப்பில் இருக்கும். இன்னொரு பிரதி லியோன், கார்ல்ஸ்ரூ, போலோனியா போன்ற டயர்-1 (முதல் அடுக்கு) மையங்களுக்குப் பிரிந்து போகும். அதற்கடுத்த மையங்களில் மும்பை டிஐஎஃப்ஆர், கொல்கத்தா விஇசிசி என்ற ஆய்வு நிறுவனங்களும் உண்டு. மொத்தம் 40 நாடுகளுக்கு மேல். ஒவ்வொரு மையத்துக்கும் தனி பட்ஜெட், தனி நிர்வாகி, தனி விடுமுறை. யாருக்கும் நீங்கள் உத்தரவு போட முடியாது, கேட்கத்தான் முடியும்.

கேட்பது என்றால் ஜிஜியுஎஸ் என்ற உதவித் தளத்தில் டிக்கெட் போடுவது, அதாவது புகார் பதிவது. கிரிட்டுக்கு அனுப்பும் கணக்கீட்டு வேலையை ஜாப் என்போம். "ஜாப் ஓடவில்லை, அவசரம்" என்று எழுதினால் கிடப்பில் கிடக்கும். ஒருமுறை ஒரு மையத்தில் ஆயிரக்கணக்கில் ஜாப்கள் விழுந்தன. சேமிப்பகம்தான் கோளாறு என்று எல்லோரும் அடித்துச் சொன்னோம். விழுந்த ஜாப்களை மெஷின் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே மெஷினில்! அதில் சான்றிதழ் ரத்துப் பட்டியல் (எந்த டிஜிட்டல் சான்றிதழ்கள் செல்லாது என்று காட்டுவது) காலாவதியாகியிருந்தது. வாங்கிய ஜாப் நொடியில் விழும், மெஷின் காலியாகும், அடுத்ததை இழுக்கும், அதுவும் விழும். நல்ல மெஷின்கள் ஒரு ஜாப்பை முடிப்பதற்குள் இது வரிசையையே விழுங்கிவிடும். மெஷின் பெயர், யுடிசி (உலகப் பொது) நேரம், எரர் வரி மூன்றையும் போட்டு எழுதினோம். மதியத்துக்குள் அந்த மையத்தின் நிர்வாகி அந்த மெஷினை ஒதுக்கிவிட்டார். அவரை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

அப்புறம், உங்கள் கிரிட் சான்றிதழ் (கிரிட்டில் நீங்கள் யார் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) எப்போது முடிகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஊருக்கு லீவில் போவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

வீடு? பிரான்ஸ் பக்கம் சான்-ஜெனியில் வாடகை குறைவுதான், ஆனால் சாயங்காலம் எல்லையில் நெரிசல் உயிரை வாங்கும். கார் வாங்கும்வரை சுவிஸ் பக்கம் மெய்ரினில் பாருங்கள், 18ஆம் எண் டிராம் செர்ன் வாசலிலேயே இறக்கிவிடும். அரிசி, பருப்புக்குக் கவலை வேண்டாம், ஜெனீவாவில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன.