குழாயடியில் ஒரு பாடம்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் தொடக்கப் பள்ளியில் எழுபது பிள்ளைகள் படிக்கிறார்கள். கை கழுவும் முறைகளைப் பாட்டாகப் பழக்கி, சுவரில் படமும் ஒட்டியிருக்கிறோம். கேட்டால் ஒரு படிகூட விடாமல் செய்து காட்டுகிறார்கள். ஆனால் சத்துணவு மணி அடித்ததும், தட்டு அலசுகிற தண்ணீரிலேயே விரல் நுனிகளை நனைத்துக்கொண்டு வரிசைக்கு ஓடிவிடுகிறார்கள். நாங்கள் எங்கே தவறுகிறோம்?
- ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: பாதி வேலையை நீங்கள் நன்றாகவே முடித்திருக்கிறீர்கள், டீச்சர். முறை தெரிந்துவிட்டது, இனி அது வழக்கமாக வேண்டும். முறையை வகுப்பறையில் சொல்லிக்கொடுத்துவிடலாம், வழக்கத்தைக் குழாயடியில்தான் பழக்க முடியும்.

பிள்ளைகள் விரல் நுனியை மட்டும் நனைப்பதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விருந்தாளியிடம் “கை நனைத்துவிட்டுப் போங்கள்” என்று அன்போடு சொல்பவர்கள் நாம். சாப்பிட்டு முடித்தபின் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவுகிற நாமே, சாப்பிட உட்காரும்போது வலது கையில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் போதும் என்று இருந்துவிடுகிறோம். வீட்டில் பார்த்ததைத்தான் பிள்ளை பள்ளியில் செய்கிறது.

அதனால் முதலில், தண்ணீர் மட்டும் ஏன் போதாது என்பதை அவர்கள் தங்கள் கையிலேயே பார்க்கட்டும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் நீலச் சாக்பீஸைப் பொடித்துக் குழைத்து, இரண்டு பிள்ளைகளின் கைகளில் புறங்கைவரை பூசுங்கள். ஒரு பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவட்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோட, நீலம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மற்றொரு பிள்ளை சோப்புப் போட்டுத் தன் வழக்கப்படி கழுவட்டும். உள்ளங்கை வெளுத்துவிடும்; ஆனால் கட்டைவிரலைச் சுற்றியும், விரலிடுக்கிலும், நகக்கண்ணிலும் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் இதைச் செய்து காட்டிய பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடியும் குழாயடிக்குப் போனாள். கட்டைவிரலைத் தனியாகப் பிடித்து ஏன் தேய்க்க வேண்டும் என்பதை அதன்பின் அவளுக்கு எந்தப் பாட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோப்பின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் சேரும் தன்மையுடையது. கையில் படிந்த பிசுக்கையும் அதில் ஒட்டிய கிருமிகளையும் அது பெயர்த்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்புகிறது. ஃபுளூ, கொரோனா போன்ற வைரஸ்களின் கொழுப்பு உறையை உடைத்தும் விடுகிறது. இதற்குத் தேய்ப்பும் நேரமும் வேண்டும் என்பதால்தான் 20 வினாடி என்கிறோம். தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, சோப்பு விரல் பட்டதும் அது விலகி ஓடுவதைக் காட்டி, கிருமியும் இப்படித்தான் ஓடும் என்று சொல்லிக்கொடுக்கும் செய்முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே குறைவது தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது நீர்ப்பரப்பை ஒரு தோல்போல இழுத்துப் பிடித்திருக்கும் விசை. அதைப் பார்த்த பிள்ளை, சோப்பைத் தொட்டாலே போதும் என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது இடமும் நேரமும். வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில், கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை பாதை போட்டு, அதில் பளிச்சென்ற நிறத்தில் பாதச் சுவடுகளையும், தொட்டியருகே கைச்சுவடுகளையும் வரைந்தார்கள். வேறு பாடமோ பிரசாரமோ நடத்தவில்லை. அதற்குமுன் கழிப்பறை சென்றுவந்தபின் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் 4 சதவீதம். வரைந்த மறுநாள் 68 சதவீதம். ஆறு வாரம் கழித்து 74 சதவீதம். உங்கள் பள்ளியிலும் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி, பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே வரையச் செய்யலாம்.

சத்துணவு மணிக்குப் பத்து நிமிடம் முன்பாகக் கை கழுவ ஒரு தனி மணி அடியுங்கள். வகுப்பு வகுப்பாக வரட்டும்; கடைசி வகுப்பு முடிந்தபின்தான் தட்டு எடுக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியபின் தொடக்கப் பள்ளிப் பிள்ளை பள்ளியிலேயே நாளுக்கு இருமுறை சாப்பிடுகிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பிள்ளைகளோடு சேர்ந்து இருமுறை பழகுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. நீங்களும் அவர்களோடு நின்று, அதே சோப்பில் கழுவுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. பள்ளியில் கை கழுவச் சொன்னால் அழுகிறான், அல்லது தண்ணீரில் விளையாடிக்கொண்டே நிற்கிறான். இவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, நமக்கு ஒரே செயலாகத் தெரிகிற கை கழுவுதல் அவனுக்குப் பத்துச் செயல்கள்: குழாயைத் திறப்பது, நனைப்பது, சோப்பை எடுப்பது, நுரை வரத் தேய்ப்பது என்று வரிசையாக நீள்கிறது. முதலில் அழுகைக்குக் காரணத்தைத் தேடுங்கள். தண்ணீர் விழும் சத்தமா, நுரையின் வழுவழுப்பா, சோப்பு வாசனையா, கூட்டமா? குழாயை மெல்லத் திறப்பது, வாசனையில்லாத சோப்புக்கு மாறுவது, மற்றவர்கள் வருமுன் அவனை அழைத்துவருவது போன்ற சிறு மாற்றங்களே சில பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு, வரிசையின் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். எல்லாப் படிகளையும் நீங்கள் அவன் கைமேல் கை வைத்துச் செய்துவிட்டு, துண்டில் துடைப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் அவன் கையாலேயே வேலை முடிகிறது என்பதால் அவனுக்கும் நிறைவு உண்டாகும். துடைப்பது கைவந்தபின் குழாயை மூடுவதும், அதன்பின் நுரையை அலசுவதும் அவன் பொறுப்பாகட்டும். உதவும்போது எதிரே நிற்காமல் பின்னால் நில்லுங்கள்; அவன் கண்ணில் தன் கைகளும் குழாயும் மட்டுமே படும். வாய்மொழியாக அதிகம் சொல்ல வேண்டாம். அவனுடைய கைகளையே படிப்படியாகப் படம் எடுத்து, அவன் பார்வை உயரத்தில் ஒட்டிவைத்தால், நீங்கள் விலகிக்கொண்டபின்னும் அந்தப் படங்கள் அவனுக்கு வழிகாட்டும். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும். இதைச் சிறப்பாசிரியரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். மாதங்கள் ஆகலாம். ஆனால் வந்துவிட்டால் அது அவனுக்கே உரிய திறமை, ஆயுளுக்கும் துணைவரும்.

கேள்வி: சோப்பு வைத்தால் இரண்டு நாளில் காணாமல் போகிறது, கோடையில் தண்ணீரும் தட்டுப்பாடு. கிருமிநாசினி சோப்புதான் வாங்க வேண்டுமா? சானிடைசர் வைத்துவிடலாமா?
- பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சாதா சோப்பே போதும். கராச்சியின் எளிய குடியிருப்புகளில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், சோப்புக் கொடுத்துக் கை கழுவப் பழக்கிய வீடுகளில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதா சோப்பும் கிருமிநாசினி சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. சோப்பை எலுமிச்சம்பழ வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். அல்லது ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் துளையிட்டு வையுங்கள். செலவு மிகக் குறைவு. எடுத்துப்போகவும் யாருக்கும் தோன்றாது.

சானிடைசர் மண்ணும் பிசுக்கும் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது. குடற்புழு முட்டைகளை அழிக்கவும் செய்யாது. தண்ணீருக்கு, ஐந்து லிட்டர் கேனின் மேற்பக்கம் சிறு துளையிட்டு, ஒரு கம்பில் தொங்கவிட்டு, காலால் மிதிக்கும் கட்டையோடு கயிற்றால் இணையுங்கள். மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாக ஊற்றும், காலை எடுத்தால் நின்றுவிடும். சோப்புத் தேய்க்கும் நேரத்தில் ஒரு சொட்டும் வீணாகாது. கயிறு நைந்துபோவதுதான் இதில் அடிக்கடி வரும் பழுது. வாரம் ஒருமுறை யாராவது பார்த்து மாற்றும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.