பத்து நாள் கழித்துத்தான் பிள்ளையைத் தூக்கினேன்

கேள்வி: 2020 ஜூனில் சென்னையில் எனக்கு முதல் பிரசவம். அட்மிஷனுக்கு முன் எடுத்த டெஸ்டில் கொரோனா பாசிட்டிவ். சிசேரியன் முடிந்ததும் குழந்தையை ஒரு நிமிடம் தூரத்தில் நின்று காட்டிவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் தூக்கினேன். அதற்குள் பால் கட்டி, அப்புறம் வற்றியேவிட்டது. பையனுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் ‘தாய்ப்பால் குடிக்காத பிள்ளை, வேறென்ன’ என்கிறார் மாமியார். இப்போது மறுபடி ஏழாவது மாதம். ஆஸ்பத்திரியை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.
– வாசகி, ஆவடி

பதில்: நீங்கள் பால் கொடுக்காமல் விடவில்லையம்மா, உங்களைக் கொடுக்க விடவில்லை. தொற்று இருந்தாலும் தாய் மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், பிரிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொன்னது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரித்து வைக்கச் சொல்லி, ஜூலையில்தான் அதை மாற்றிக்கொண்டது. பெரிய அமைப்புகளே தடுமாறிய நேரத்தில், தையல் வலியோடு தனியறையில் கிடந்த நீங்கள் என்ன செய்திருக்க முடியும்?

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். எடுக்காமல் தேங்கினால் உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பீய்ச்சி எடுங்கள் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தப் பால் நின்றிருக்க வாய்ப்புண்டு. சொல்லாமல் விட்டார்களே என்றுதான் எனக்குக் கோபம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஐந்தாறு முறை சளி பிடிப்பது சாதாரணம், இதை மாமியாரிடம் உங்கள் கணவரே சொல்லட்டும்.

சரி, இந்தப் பிரசவத்துக்கு வருவோம். அடுத்த செக்கப்பில் பழைய கதை முழுவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறந்ததும் குழந்தையை மார்பில் படுக்கவைக்கக் கேளுங்கள், முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனில் விழித்துத்தான் இருப்பீர்கள், பெரும்பாலும் முடியும். அந்த நேரத்தில் காய்ச்சலோ ஃப்ளூவோ வந்தால் பிரிப்பார்களா, எத்தனை நாள், பாலை எடுத்துக் கொடுக்க ஏற்பாடு உண்டா என்பதையும் இப்போதே கேட்டு ஃபைலில் எழுதி வாங்குங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் பேசுங்கள். கடைசி மாதங்களில் வயிறு மேலே தள்ளி நுரையீரலுக்கு இடம் குறைவதால் சுவாசத் தொற்று கர்ப்பிணிகளை அதிகம் வாட்டும்.

கணவரோடு ஒருநாள் சும்மா போய்ப் பிரசவ வார்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் படபடப்பு தூக்கத்தைக் கெடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கவுன்சலிங்கை இப்போதே ஆரம்பிக்கலாம், பிரசவம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.