பிளேனோவின் வரி யாருக்குப் போகிறது?

அன்புள்ள ஐயா,

சான் அன்டோனியோ நகரின் ஏழைப் பகுதியான எட்ஜ்வுட்டின் பெற்றோர் பள்ளி நிதி ஏற்றத்தாழ்வை எதிர்த்துத் தொடுத்த ராட்ரிகஸ் வழக்கு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எட்ஜ்வுட் மக்களின் துயரம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டாமா? டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் பத்தாண்டுகளுக்கு மேல் வசிக்கிறேன். என் சொத்துவரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கு என்றுதான் ரசீதில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பங்கை ‘ராபின் ஹூட்’ சட்டம் பிடுங்கி ஏழைப் பள்ளி மாவட்டங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. அங்கே கொடுத்துவிட்டு, இங்கே எங்கள் மாவட்டம் நான்கு பள்ளிகளை மூடிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் ஜெயித்தார்கள், விலை கொடுத்தது நாங்கள். இப்போது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசே பணம் தரும் வவுச்சர் வந்திருக்கிறது. என் வரியை என் பிள்ளைக்கே செலவிட அனுமதிக்கும் சட்டத்தில் என்ன தவறு?

எஸ்., பிளேனோ

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதை எட்ஜ்வுட்காரர்கள் மீது காட்டிப் பயனில்லை. உங்கள் பணத்தால் அவர்கள் கைக்கு வருவது கூடிவிடுவதில்லை. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸ் அரசு ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் (சொத்துவரி போட்டுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு அது) உரிய தொகையை ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறது. மாணவர் ஒருவருக்கு அடிப்படைத் தொகை இவ்வளவு. ஏழைப் பிள்ளை, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளை, மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் அதற்கு மேல் இவ்வளவு. அதிலும் பெயர்ப் பதிவைப் பார்ப்பதில்லை, தினசரி வருகையின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அன்றைக்குப் பணம் கிடையாது. அவன் வராததால் ஆசிரியரின் சம்பளமோ பஸ்ஸின் டீசல் செலவோ குறைந்துவிடாது.

இப்படிக் கூட்டி வந்த தொகையில் முதலில் உள்ளூர்ச் சொத்துவரியை வரவு வைக்கிறார்கள். போதவில்லை என்றால் மீதியை அரசு கொடுக்கிறது. மிஞ்சினால் மிச்சத்தை அரசு எடுத்துக்கொள்கிறது. ராபின் ஹூட் என்று எல்லோரும் திட்டுவது இந்த மிச்சம் எடுக்கும் ஏற்பாட்டைத்தான். பிளேனோவில் வீட்டு மதிப்பு ஏறினால் மாவட்டத்துக்கு உரிய தொகை ஏறாது, மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகும் மிச்சம் ஏறும். எட்ஜ்வுட்டில் வீட்டு மதிப்பு ஏறினாலும் அவர்களுக்கு உரியது ஏறாது, அரசு தர வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறையும். இரண்டு ஊரிலும் வரி கட்டியவன் கூடுதலாகக் கட்டியிருப்பான். இரண்டு ஊரிலும் பள்ளிக்கு அதனால் வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. லாபம் அரசுக் கருவூலத்துக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் முப்பதாண்டுகளாக நடக்கிறது. ஆஸ்டின் நகரப் பள்ளி மாவட்டமே ஆண்டுக்குப் பல நூறு மில்லியன் டாலரைக் கட்டிவிட்டுத் தன் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டுகிறது. அங்கே படிப்பவர்களில் பாதிப் பேராவது ஏழை வீட்டுப் பிள்ளைகள். ராபின் ஹூட் இதைப் பார்த்தால் காட்டுக்கே திரும்பிவிடுவான்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, உரிய தொகையை அரசு ஏன் ஏற்றவில்லை என்பது. 2019இல் மாணவருக்கான அடிப்படைத் தொகை 6,160 டாலர் ஆனது. அதற்குப் பிறகு விலைவாசி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. தொகை 2025 வரை அசையவில்லை. பணம் இல்லாமலா? 2023 ஜனவரியில் மாநிலத்தின் உபரி 32.7 பில்லியன் டாலர் என்று கணக்கு அதிகாரியே அறிவித்தார். அதிலிருந்து சொத்துவரிச் சலுகைக்கு என்று சட்டமன்றம் எடுத்து வைத்தது, முந்தைய சலுகைகளையும் சேர்த்து, 18 பில்லியன். நீங்கள் கட்டும் வரி குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் உள்ளூர் டாலருக்குப் பதிலாக மாநில டாலர் வந்ததே தவிர, வகுப்பறைக்கு எதுவும் கூடவில்லை. அதே தொகையை ‘கல்விக்கு அரசு வரலாறு காணாத செலவு’ என்று மேடையில் வாசித்தும் விட்டார்கள். சொந்த வீட்டின் மதிப்பில் பள்ளி வரி போடாமல் விடும் தொகை, அதாவது வீட்டு உரிமையாளர் விலக்கு, 2023இல் ஒரு லட்சம் டாலராகவும், 2025 நவம்பரில் 1,40,000 டாலராகவும் ஏறியிருக்கிறது. அடுக்ககத்தில் வாடகை கொடுப்பவரும் வாடகைக்குள் மறைந்த சொத்துவரியைக் கட்டுகிறவர்தான். அவருக்கு இந்த விலக்கு கிடையாது.

2025இல் சட்டமன்றம் 8.5 பில்லியன் டாலர் கல்வி நிதிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆசிரியர் ஊதிய உயர்வு அதில் ஏறக்குறைய பாதி, அது நல்ல காரியம். அடிப்படைத் தொகையோ 55 டாலர் கூடியது. ஆறு ஆண்டுக் காத்திருப்புக்கு 55 டாலர்.

பள்ளிகள் மூடப்பட்டதற்கு வருகிறேன். 2024 ஜூனில் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூட உங்கள் மாவட்ட வாரியம் முடிவெடுத்தது. பத்தாண்டுக்கு மேலாகப் பிளேனோவில் மாணவர் எண்ணிக்கை சரிந்துவருகிறது. வீட்டு விலை இப்படி இருந்தால் சிறு பிள்ளைகள் உள்ள இளம் தம்பதிகள் எப்படிக் குடிவருவார்கள்? வடக்கே இன்னும் தள்ளி வாங்குகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் உரிய தொகை குறையும், உங்கள் வீட்டு மதிப்பு ஏறிக்கொண்டே இருந்தாலும். இதில் எட்ஜ்வுட்டின் பங்கு என்ன?

உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். பள்ளி வரி இரண்டு விகிதங்களின் கூட்டுத்தொகையாக இருக்கும். ஒன்று நடைமுறைச் செலவுக்கானது: சம்பளம், மின்சாரம், பஸ். மற்றொன்று கட்டடக் கடனை அடைப்பதற்கானது. மிச்சம் எடுக்கும் விதி முதலாவதற்கு மட்டும். கடன் வரியை ஆஸ்டின் தொடுவதில்லை. அந்தப் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் சட்டம் விடுவதில்லை. ஆகவே வசதியான புறநகர்கள் எதைக் கட்டும்? உங்களுக்குப் பக்கத்தில் ஆலன் பள்ளி மாவட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு 18,000 பேர் அமரும் கால்பந்து அரங்கத்தை 60 மில்லியன் டாலரில் கட்டி 2012இல் திறந்தது. கான்கிரீட்டில் விரிசல் விழுந்து 2014இல் மூட வேண்டி வந்தது, பிறகு சரிசெய்தார்கள். அரங்கம் கட்டும் ஊரில் ஏன் ஆசிரியர் இல்லை என்று நம் வாட்ஸாப் குழுக்களில் கேட்கிறார்கள். இரண்டும் இரண்டு உண்டியல். ஒன்றின் சாவி ஊரிடம் இருக்கிறது, மற்றதன் சாவி ஆஸ்டினில்.

வழக்குப் போட்டவர்கள் ஜெயித்தார்கள் என்கிறீர்கள். டிமெட்ரியோ ராட்ரிகஸ் ஜெயிக்கவில்லை. 1968 மே மாதம் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். தகுதி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், கட்டடத்தைச் செப்பனிட வேண்டும் என்று கேட்டார்கள். அதே ஆண்டு தகரத் தொழிலாளியான ராட்ரிகஸும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். எட்ஜ்வுட் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி போட்டது. தலைக்கு 26 டாலர் கிடைத்தது. அதே நகரத்தின் அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் போட்டது. 333 டாலர் கிடைத்தது. அதிக வரி கட்டியவர்கள் ஏழைகள் என்பதைக் கவனியுங்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, வேறொரு வழக்கில், டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மாநில அரசமைப்பைக் காட்டி ஒரே குரலில் மாற்றிச் சொன்னது. அப்போது மிகப் பணக்கார மாவட்டத்துக்கும் மிக ஏழை மாவட்டத்துக்கும் தலைக்கான சொத்து மதிப்பில் வித்தியாசம் 700 மடங்கு. மாநில வருமானவரி போட்டு இதைச் சரிக்கட்டியிருக்கலாம். அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிவில்லை. 1993இல் ஒரு மாவட்டத்தின் பணத்தை எடுத்து மற்றதில் சேர்க்கும் வழியைக் கண்டார்கள், அதுதான் ராபின் ஹூட். வருமானவரியை 2019இல் அரசமைப்பிலேயே தடைசெய்துவிட்டார்கள். உங்கள் ரசீது கனப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

வவுச்சரைப் பற்றி. ஆளுநர் அபட் 2023இல் இதைக் கொண்டுவந்தபோது, அவர் கட்சியின் 21 உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள், பெரும்பாலும் கிராமப்புறத்துக்காரர்கள். அவர்கள் ஊரில் இருக்கும் ஒரே பள்ளி அரசுப் பள்ளி, பல ஊர்களில் வேலை கொடுப்பதும் அதுதான். 2024 உட்கட்சித் தேர்தலில் அபட் அவர்களில் பலரைத் தோற்கடிக்கப் பிரசாரம் செய்தார், வெற்றியும் பெற்றார். 2025 மே மாதம் சட்டம் கையெழுத்தானது. முதல் ஒதுக்கீடு ஒரு பில்லியன் டாலர், தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்குச் சுமார் 10,000 டாலர். விண்ணப்பங்கள் கூடினால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் முன்னுரிமை. வறுமைக்கோட்டின் ஐந்து மடங்குக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மொத்தத் தொகையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நால்வர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது சுமார் 1,60,000 டாலர். கணவனும் மனைவியும் மென்பொருள் வேலையில் இருக்கும் பிளேனோ வீடு எந்த வரிசையில் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். இடம் கிடைத்தாலும், உங்கள் மகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தத் தனியார் பள்ளியின் விருப்பம். அவள் போனபிறகு பிளேனோவின் வருகைக் கணக்கில் ஒன்று குறையும்.

கடைசியாக ஒன்று. ஏப்ரலில் மதிப்பீட்டு நோட்டீஸ் வந்ததும் எதிர்த்து மனு போட்டால் பள்ளிக்குத் துரோகம் செய்கிறோமோ என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தயங்காமல் போடுங்கள், வழக்கமாக மே 15 கடைசி நாள். உங்கள் வீட்டின் மதிப்பு குறைந்தால் பெரும்பாலும் குறைவது ஆஸ்டினுக்குப் போகும் மிச்சம்தான்.