தடை வந்தால் தெய்வம் வேண்டாம் என்கிறதா?

கேள்வி: எனக்கு 39 வயது, கணவருக்கு 43. நியூஜெர்சியில் இருக்கிறோம். அவர் அமெரிக்கக் குடிமகன், எனக்கு கிரீன் கார்டு. திருக்கருகாவூர் நெய்யை 48 நாள் சாப்பிட்டேன். மூன்று முறை ஐ.வி.எஃப். செய்தோம். பலனில்லை. 2021-ல் தத்தெடுக்க, இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வில் பதிவு செய்தோம். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒடிசா இல்லம் ஒன்றிலிருந்து இரண்டரை வயதுப் பெண் குழந்தையின் படம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்த குழந்தையாம். அம்மனே கொடுத்தாள் என்று அழுதேன். அதற்கப்புறம் ஒன்றும் நகரவில்லை. வேலை மாறி வீடு மாறினோம், எங்களையும் வீட்டையும் பார்த்து எழுதும் அறிக்கையான ஹோம் ஸ்டடியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அமெரிக்க அனுமதிக்குக் கொடுத்த கைரேகை காலாவதியாகி மறுபடி கொடுத்தோம். கடைசியில் உத்தரவு போடவேண்டிய கலெக்டருக்கே மாற்றல். கும்பகோணத்தில் இருக்கும் மாமியார், "இத்தனை தடை வந்தா தெய்வம் வேண்டாம்னு சொல்லுதுன்னு அர்த்தம். ஜோசியரும் அந்தப் புள்ளை ஜாதகம் சரியில்லைங்கறார்" என்கிறார். உறவுக்காரர் ஒருவர், தெரிந்த நர்ஸ் மூலம் பிறந்த குழந்தையாகவே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான் எதை நம்புவது?
– பெயர் வேண்டாம், நியூஜெர்சி

பதில்: முதலில் ஜாதகத்தை முடித்துவிடுவோம், அதுதான் சுலபம். பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்த குழந்தைக்குப் பிறந்த தேதி எங்கிருந்து வரும்? டாக்டர் பல்லையும் உயரத்தையும் பார்த்து வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வார், அதை வைத்து ஒரு தேதியை எழுதுவார்கள். என் மகளின் சர்டிஃபிகேட்டில் இருப்பதும் அப்படி வந்த தேதிதான். தேதியே மதிப்பீடு, நேரம் யாருக்கும் தெரியாது. இதை வைத்து லக்னம் எப்படிப் போட்டீர்கள் என்று ஜோசியரைக் கேட்டுவரச் சொல்லுங்கள். மாமியாரே கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது அந்த நர்ஸ். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை சிறைக்குப் போகிற குற்றம். அப்படி வாங்கிய குழந்தைக்கு அமெரிக்க விசாவும் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள், இதைக் கேளுங்கள். 2005-ல் சென்னையில் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. தெருவில் தூங்கிய, விளையாடிய பிள்ளைகளைத் தூக்கிப்போய் விற்று, பொய்க் காகிதத்தோடு வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்தது அப்போதுதான் வெளியே வந்தது. காணாமல் போன பிள்ளை கடல்தாண்டி வேறொரு பெயரில் வளர்கிறது என்று ஏழைப் பெற்றோருக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்களும் ஆண்டவன் கொடுத்த குழந்தை என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையில் பொய் இல்லை, காகிதத்தில்தான் பொய்.

உங்களை இழுத்தடிக்கிற காகிதங்கள் எல்லாம் இந்த மாதிரிப் பொய்யைத் தடுக்க வந்தவை. அந்தக் கும்பல் பிடிபடுவதற்கு வெகு முன்பே, இப்படிப்பட்ட தத்துகளை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதி, 1984-ல் முதல் விதிமுறைகள் வந்தன. அப்புறம் நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தம், 2003-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தப்படி இரண்டு நாடும் சம்மதித்து, 'காரா' தடையில்லாச் சான்று கொடுத்து, தத்து உத்தரவு வந்து, அதற்கும் மேலே எல்லாம் ஒப்பந்தப்படிதான் நடந்தது என்ற இணக்கச் சான்றிதழ் வாங்கி, அதற்குப் பிறகுதான் குழந்தைக்கு பாஸ்போர்ட்டும் விசாவும். இந்தக் குழந்தையைத் தேடிக்கொண்டு எங்கேயும் ஒரு தாய் அலையவில்லை என்று இத்தனை பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் மாதங்கள் போகத்தான் செய்யும். தேவையில்லாத தாமதமும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன்.

நானும் இந்த வழியில் போனவள்தான். 2012-ல் நாங்கள் ஹூஸ்டனில் இருந்தோம். மதுரைப் பக்கம் ஒரு இல்லத்திலிருந்து படம் வந்தபோது அவளுக்கு 14 மாதம். வீட்டுக்கு வந்தபோது இரண்டேகால் வயது. நடுவில் நடந்ததை எழுதினால் சிரிப்பீர்கள். ஹோம் ஸ்டடி எழுதிய அம்மாளுக்கு நம் இனிஷியல் விவகாரம் பிடிபடவில்லை. பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்த அப்பா பெயரைப் பார்த்து, மாமனார் பெயரையே என் கணவர் பெயராக எழுதிவிட்டார். அறிக்கைப்படி நான் மாமனாரோடு சேர்ந்து தத்தெடுக்கிறேன்! இரண்டு பெயரும் ஒருவரைத்தான் குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துச் சரிசெய்வதற்குள் கைரேகைக்கான 15 மாதக் கெடு முடிந்துபோனது. மறுபடி போனால் என் விரல் பதியவில்லை. வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்த விரல். அந்தப் பெண் ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் வைத்து உருட்டி உருட்டி எடுத்தாள். வலது கட்டைவிரல் நாலாவது தடவைதான் பதிந்தது. இந்தியாவில் தத்து வழக்கு அப்போதெல்லாம் கோர்ட்டில். நாள் குறித்தார்கள், நீதிபதிக்கு மாற்றல் வந்தது. அடுத்தவர் வந்தார், மே மாத விடுமுறை வந்தது.

அன்றைக்கெல்லாம் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பல்லி சொன்னது, பியர்லண்ட் மீனாட்சி கோயிலில் அர்ச்சகர் கொடுத்த பூ வெள்ளையா சிவப்பா, வெள்ளிக்கிழமை போன் வந்ததா என்று எல்லாம் எழுதி வைப்பேன். ஒருநாள் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் அம்மன் இரண்டு தடவை சரி என்றும் மூன்று தடவை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. பயந்தபோதெல்லாம் நானே எழுதிக்கொண்டு அவள் தலையில் போட்டிருக்கிறேன். அதே நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வேறு கணக்கு எழுத ஆரம்பித்தேன்: கைரேகை எந்தத் தேதி முடிகிறது, ஹோம் ஸ்டடி எப்போது முடிகிறது, யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விளக்கை நிறுத்தவில்லை. ஆனால் விளக்கின் முன்னால் உட்கார்ந்து கேட்டது மாறிவிட்டது. "சீக்கிரம் கொடு" என்பதை விட்டுவிட்டு, "அங்கே அவளுக்கு ராத்திரி ஜுரம் வந்தால் யாராவது எழுந்து பார்க்கட்டும்" என்று கேட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் வந்தது. வேறு எதையும் அற்புதம் என்று சொல்ல என்னிடம் இல்லை.

இப்போது உங்கள் நோட்டின் பின்பக்கம். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவு கோர்ட்டிலிருந்து கலெக்டரிடம் போய்விட்டது. அதனால் கோர்ட் விடுமுறைத் தொல்லை உங்களுக்கு இல்லை. இரண்டு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கலெக்டர் மாறினாலும் ஃபைல் அந்த நாற்காலியில்தான் இருக்கும், முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. இல்லத்திடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் மனு கொடுத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் தாண்டியிருந்தால், பதிவு எண்ணையும் அந்தத் தேதியையும் போட்டு உங்கள் ஏஜென்சி மூலம் 'காரா'வுக்கு எழுதுங்கள். கோபம் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும். அமெரிக்கப் பக்கத்து அனுமதி எந்த மாதம் முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நீட்டிப்புக்கு முடிவதற்கு முன்னால் விண்ணப்பியுங்கள், முடிந்தபின் ஓடாதீர்கள். குழந்தை வந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஆள் வந்து பார்த்து அறிக்கை அனுப்புவார்கள். அதையும் தடை என்று எண்ணிவிடாதபடி மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அவருக்குப் பயம். கும்பகோணத்துக்காரருக்குத் திருக்கருகாவூர் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஞாபகப்படுத்துங்கள். வேதிகை என்ற பெண்ணின் கரு கலைந்தபோது அம்மன் அதை ஒரு குடத்தில் வைத்துக் காப்பாற்றினாள். பிள்ளை வளர்ந்தது குடத்தில், குடித்தது காமதேனுவின் பால். பெற்றவள் வயிற்றுக்கு வெளியே வளர்ந்த பிள்ளையைப் பிள்ளை இல்லை என்று அந்தக் கோயிலில் யாரும் சொல்லவில்லை. நீங்கள் நெய் வாங்கிய சந்நிதி அதுதான்.

நான் என் மகளை அங்கே தொட்டிலில் போடக் கூட்டிப்போனபோது அவளுக்கு மூன்று வயதை நெருங்கிவிட்டது. முன்னால் நின்ற வரிசையெல்லாம் கைக்குழந்தைகள். இவளைப் போட்டதும் இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கொலுசைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது சின்னதா இருக்கு" என்றாள்.

கேள்வி: நாங்களும் இந்தியாவிலிருந்து தத்தெடுக்கக் காத்திருக்கிறோம். எங்கள் சபையில் நூறு பேர் எங்களுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறார்கள். குழந்தையின் படத்தையும் இல்லத்தின் பெயரையும் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு சகோதரி, அது தவறு என்கிறார். ஜெபத்துக்குப் போடுவதில் என்ன தவறு?
– பாளையங்கோட்டை வாசகி, தற்போது டொராண்டோ

பதில்: சகோதரி சொல்வதுதான் சரி. பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் விடாது, உத்தரவு வரும்வரை அது உங்கள் குழந்தையும் இல்லை. நூறு பேரில் ஒருவர் இன்னொரு குரூப்புக்கு அனுப்பினால் போதும். பெயரும் படமும் இல்லாமல் ஜெபிக்கச் சொல்லுங்கள், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று கர்த்தருக்குத் தெரியாதா? போட்ட படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போனில் இறக்கி வைத்திருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.