‘அண்ணனைப் பார்’ என்று சொல்லாதீர்கள்

வணக்கம் சார்,

மகள் பத்தாவது, மகன் பன்னிரண்டாவது படிக்கிறார்கள். ஆண்டுவிழாவில் இருவரும் சேர்ந்து ஆடிய வீடியோவை மகள் இன்ஸ்டாகிராமில் போட்டாள். யாரோ ஒரு பையன் ‘யானைக்குட்டியும் ஒட்டடைக்குச்சியும்’ என்று கமெண்ட் போட்டுவிட்டான். மகன் கெட்ட வார்த்தையில் நாலு பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. இவள் மட்டும் ஏன் இப்படி? ‘அண்ணனைப் பார்’ என்று சொல்லி அலுத்துவிட்டது. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ‘அண்ணனைப் பார்’ வேண்டாம். வெளியே ஒருவன் கேலி செய்தது போதாதா?

வளர்ப்பு ஒன்றுதான், சுபாவம் ஒன்றல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளின் முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டிக் காட்டினார். அறிமுகமில்லாத குரல்களைக் கேட்க வைத்தார். ஆல்கஹால் தொட்ட பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி, முதுகை வளைத்து அழுதது. பல குழந்தைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி அழுதவர்களில் பலர் வளர்ந்த பிறகும் கூச்சமும் தயக்கமும் உள்ளவர்களாக இருந்தார்கள். எல்லோரும் அல்ல.

சீக்கிரம் மனம் கலங்குகிறவர்கள் ஒரு கமெண்ட்டைப் படித்ததோடு விடமாட்டார்கள். மறுபடி திறந்து பார்ப்பார்கள். யார் யார் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள், அதில் தன் தோழி இருக்கிறாளா என்று தேடுவார்கள். எழுதியவன் ஒருமுறைதான் எழுதினான். உங்கள் மகள் எத்தனை முறை படித்தாளோ! அதனால் ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று வாதாடாமல், அவளோடு உட்கார்ந்து அந்தக் கமெண்ட்டை அழித்துவிடுங்கள். அவள் போட்ட வீடியோ, அவளாலேயே முடியும். அந்தப் பையனை பிளாக் செய்யலாம்.

போனைப் பிடுங்க வேண்டாம். 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 63 பதின்வயதினரைக் கவனித்தார்கள். இன்ஸ்டாகிராம் போன்ற சமூக ஊடகங்களைப் பார்த்த பிறகு 46 சதவீதத்தினருக்கு மனநிலை மேம்பட்டது, 10 சதவீதத்தினருக்கு மோசமானது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மருந்து சரிவராது என்பதற்கு எனக்கு இது போதும். தவிர, போன் போய்விடும் என்று தெரிந்தால் அடுத்த முறை உங்களிடம் வாயே திறக்கமாட்டாள்.

அப்புறம், மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நாலு கெட்ட வார்த்தை எழுதியவனுக்கு வலிக்கவில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இருவரில் ஒருவரை ஒட்டடைக்குச்சி என்றானே, அது யாரை? சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கை நீளும். அவனிடமும் கொஞ்சம் பேசுங்கள். அந்த நாலு பதிலையும் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளிக்கூடத்தில் காட்டினால் மாட்டப்போவது அவன்தான்.