கடையில விக்கிறாங்கன்னு வாயில போட்றாதீங்க தங்கச்சி

இலங்கை மலைநாட்டு மஸ்கெலியாவுல இருந்து கனடாவுக்கு வந்து நாலு மாசம்தான் ஆச்சு, ஒம்போது வாரம் முழுகாம இருக்கேன், தண்ணி குடிச்சாலும் வாந்தி, கூட வேல செய்ற பொண்ணு ஒரு கஞ்சா கம்மிய (கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய்) குடுத்து "இங்க இது சட்டப்படிதான், வாந்தி நின்னுரும்"னு சொல்றா, சாப்பிடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம் தங்கச்சி. பாதி கூட வேணாம்.

நானும் மலைநாட்டு பொகவந்தலாவதான், கனடாவுல ஸ்காபரோவுக்கு வந்து 14 வருஷமாச்சு. ஊர்ல கஞ்சான்னாலே போலீஸு கேஸுன்னு பயந்து வளந்தவங்க நாம, இங்க 2018 அக்டோபர் 17ல இருந்து அது சட்டப்படி, நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல 19 வயசு ஆனா போதும், கடையும் போன் கடை மாதிரி பளபளன்னு இருக்கும், அதனால அது ஏதோ மருந்து சாமான்னு நெனச்சுக்கிறோம். ஏன், ஊர்ல தவறணையிலயும் சாராயத்த சட்டப்படிதான் வித்தாங்க, அதுக்காக புள்ளத்தாச்சிக்கு ஊத்தி குடுத்தோமா?

கடைக்காரன் சொல்றத நம்பவே நம்பாதீங்க. அமெரிக்காவுல கொலராடோவுல 400 கஞ்சா கடைக்கு போன் பண்ணி, எனக்கு எட்டு வாரம், வாந்தியா வருது, என்ன செய்யன்னு கேட்டு பாத்திருக்காங்க, பத்துக்கு ஏழு கடை கஞ்சாவ எடுன்னு சொல்லியிருக்கு! 2018ல வந்த ஆராய்ச்சி அது. விக்கிறவன் வேற என்னத்த சொல்லுவான்.

கஞ்சாவுல போதை தர்ற டி.எச்.சி நச்சுக்கொடிய தாண்டி புள்ளைக்கும் போகுது. கொழுப்புல ஒட்டிக்கிறதால லேசுல வெளியேறாது, அடிக்கடி எடுக்கிறவங்க ஒடம்புல வாரக்கணக்கா கெடக்கும். எடுத்த தாய்மாருக்கு எடை கொறஞ்ச புள்ளைங்க, மாசத்துக்கு முந்தி பொறந்த புள்ளைங்க கூடுதலா இருக்கு. அதுல பல பேர் சிகரெட்டும் புடிக்கிறதால எது எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம்தான், ஆனாலும் டொக்டர்மார் எடுக்காதன்னு ஒரே பேச்சாதான் சொல்றாங்க. கம்மியில பொகை இல்லையேன்னு சொல்லுவாங்க, பொகை இல்லாட்டியும் டி.எச்.சி அதே டி.எச்.சிதான், அதுவும் ஏற அர மணியில இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும், ஒன்னும் பண்ணலயேன்னு ரெண்டாவதையும் தின்னுட்டு தல சுத்தி விழுந்த ஆளுகள நானே பாத்திருக்கேன். புள்ள பொறந்த பொறகும் இது பால்ல எறங்கும், கடைசியா எடுத்து ஆறு நாளைக்கு அப்பறமும் தாய்ப்பால்ல இருந்திருக்கு.

இன்னொரு கூத்து, கஞ்சாவே வாந்திய கொண்டாரும். நாள்பட எடுக்கிறவங்களுக்கு வாந்தி மேல வாந்தி வந்து, சுடுதண்ணியில குளிச்சா மட்டும் கொஞ்சம் அடங்கும். 2004ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட் மலைப்பக்கத்து டொக்டர்மார்தான் மொதல்ல இத எழுதுனாங்க (அங்கயும் மலைநாடுதான் பாருங்க). முழுகாம இருக்கிறப்ப இது வந்தா மசக்கைன்னே நெனச்சுருவாங்க.

இப்ப உங்க வாந்திக்கு வாறேன். எனக்கு மூத்தவன் வயித்துல இருந்தப்ப இதே கததான். தோட்டத்து கிளினிக்ல மிட்வைஃப் மிஸ் என்ன கேட்டாலும் "நல்லாருக்கேன் மிஸ்"னு தலையாட்டிட்டு திரிபோஷ (சத்துமா) பைய தூக்கிட்டு வந்து பழகுன நாம, இங்கயும் நான் அப்பிடியே தலையாட்டிட்டு வந்து, ரெண்டு வாரத்துல நாலு கிலோ கொறஞ்சு கடைசியில சேலைன் ஏத்த வேண்டியதாப்போச்சு. டொக்டர் பொறகு கேட்டாரு, ஏம்மா சொல்லலன்னு. அதுக்குன்னே டிக்லெக்டின்னு ஒரு மாத்திரை இருக்கு, பி6 வைட்டமினும் டொக்சிலமினும் சேந்தது, கர்ப்பிணிகளுக்கு கனடாவுல ரொம்ப காலமா குடுக்கிறாங்க. சீட்டு எழுதி வாங்கணும்.

ஓஹிப் கார்டு (ஒன்டாரியோ அரசாங்கத்து வைத்திய காப்புறுதி கார்டு) இன்னும் வரலன்னா அதுக்கு காத்திருக்காதீங்க, ஒன்டாரியோவுல இருக்கிறவங்களுக்கு கார்டு இல்லாட்டியும் மிட்வைஃப் சும்மாவே பாப்பாங்க. ராத்திரியில பயமா இருந்தா 811க்கு அடிச்சா நர்ஸ் பேசுவாங்க, தமிழ்ல பேச ஆள் கேளுங்க. ஒரு நாள் பூரா தண்ணியே நிக்காம, மூத்திரம் சாயத்தண்ணி (பால் ஊத்தாத தேத்தண்ணி) கலர்ல போனா நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

ஏற்கனவே ஒன்னு தின்னுட்டீங்கன்னா அழுதுகிட்டு உக்காராம, அதோட நிறுத்திட்டு மிட்வைஃப்கிட்ட மறைக்காம சொல்லிருங்க. வீட்டுக்காரர் புடிக்கிறாருன்னா வெளிய போய் புடிக்க சொல்லுங்க, குளிரா இருந்தா ஜாக்கெட்ட போட்டுக்கட்டும். காலையில எந்திரிக்க முந்தியே காஞ்ச பிஸ்கட் ரெண்டு கடிங்க, எனக்கு அதுதான் நின்னுச்சு. இஞ்சி தேத்தண்ணி எனக்கு ஒத்துக்கல, உங்களுக்கு எப்பிடியோ.