சிவிலைசேஷன் 7ல் முதலிலிருந்தே சோழர்களாக ஆட
சோழர்களுக்காகவே சிவிலைசேஷன் 7 என்ற வீடியோ கேமை வாங்கினேன், தொடக்கத்தில் அவர்களே இல்லை, குறை சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குறை நியாயமானதுதான். 2025ல் வெளியானபோது ஆட்டம் யுகம் யுகமாக நகர்ந்தது, சோழர்கள் இரண்டாவது யுகத்தில்தான் வந்தார்கள்; யுகம் மாறும்போது தலைவரை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டையே மாற்றச் சொன்னால் மனம் ஒட்டாது. அம்பத்தூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜமாவிலும் இதே வாக்குவாதம்தான். 2010ல் ஐந்தாம் பாகம் ‘வரைபடத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரே படை’ என்றபோதும் பலர் கொதித்தார்கள்.

சரி, இதைச் செய்து பாருங்கள்: புது ஆட்டம் தொடங்கும்போதே யுகத்தை இரண்டாவதான எக்ஸ்ப்ளோரேஷனுக்கு மாற்றுங்கள். முதல் நகரத்திலிருந்தே சோழர்தான். யுகத்தின் நீளத்தையும் கூட்டுங்கள், கடல் வணிகத்தை நிதானமாக வளர்க்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாள் ஆகவில்லை, 2 மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் ஆடியிருக்கிறீர்கள் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கவும் செய்யலாம்.